முன்பணமாக ஒரு மின்விசிறி

காலாப்பட்டு தாண்டி, கனகசெட்டிகுளமும் முடிகிற இடத்தில் புதுச்சேரி முடிந்துவிடும். வரிசையாக வந்துகொண்டிருந்த பிராந்திக் கடைப் பலகைகள் சட்டென நின்றுபோவதை வைத்தே தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம். அடுத்த ஊர் கீழ்புத்துப்பட்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு இது அய்யனார் கோயில் ஊர். மஞ்சனீஸ்வரர் அய்யனாருக்கு மொட்டை போடவும் காது குத்தவும் வேன் பிடித்து வருகிற கூட்டத்தை நம்பித்தான் சாலையோரத்து டீக்கடைகள் ஓடுகின்றன. கோயிலைச் சுற்றியிருக்கிற காடு, தாவரவியல்காரர்கள் வந்து மரம் மரமாக அளந்துவிட்டுப் போகிற அளவுக்குப் பேர்பெற்றது. சித்திரை வெயிலில் சாலையை விட்டு அதற்குள் பத்தடி வைத்தால் உடம்புக்குத் தெரிகிற வித்தியாசத்தை எந்த ஏசி விளம்பரத்தாலும் காட்ட முடியாது.

அப்படி ஒரு டீக்கடை பெஞ்சில்தான் பையன் அந்தத் தாளை நீட்டினான். பக்கத்துத் தெருக்காரன், என்னை மாமா என்பான். சேதராப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடமாக வேலை.

"இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மாமா. கம்பெனில ஃபேன் குடுக்கறாங்களாம். எதுக்குன்னே புரியல."

தாளின் மேலே ஒரு பச்சை இலை, அதன் கீழே பூமியைக் காப்போம் என்று ஒரு வரி. அப்புறம் விஷயம். விருப்பப்படும் தொழிலாளர்களுக்கு பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, ஒன்று ரூ.2,400 வீதம் ரூ.4,800. வட்டி கிடையாது. மாதம் ரூ.400 வீதம் 12 மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் மின் இணைப்பு எண் எழுத ஒரு கட்டம். கடைசி மூன்று கட்டண ரசீதின் நகலையும் இணைக்க வேண்டுமாம்.

"என் வீட்டு ஃபேன் மேல கம்பெனிக்கு இன்னா மாமா அக்கறை?"

நல்ல கேள்வி. இந்தத் தாளை அச்சடித்தவர்களே இதற்கு நேராகப் பதில் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கும். அவர்கள் பூமியைக் காப்போம் என்று நிறுத்திக்கொண்டார்கள். அதனால் டீக்கடையை வைத்தே விளக்க ஆரம்பித்தேன்.

இந்தக் கடை எவ்வளவு புகை விடுகிறது என்று கணக்கெடுக்க வேண்டுமென்றால் மூன்று வட்டம் போட வேண்டும். முதல் வட்டம், கடைக்குள்ளேயே எரிவது: பாய்லருக்குக் கீழே எரிகிற கேஸ். இரண்டாவது, கடை காசு கொடுத்து வாங்குகிற மின்சாரம்: பால் வைக்கிற ஃபிரிட்ஜ், இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி. அந்த மின்சாரத்துக்கான நிலக்கரி வேறெங்கோ எரிகிறது, ஆனால் இவருக்காக எரிகிறது. மூன்றாவது வட்டம் பெரியது. பால் தந்த மாடு, சர்க்கரை ஆலை, டீத்தூள் ஏற்றிவந்த லாரி, இங்கே வேலைக்கு வருகிறவரின் பைக் எல்லாம் அதில் வரும். உலகம் முழுக்க நிறுவனங்கள் தங்கள் கரிவளிக் கணக்கை எழுதுவது இந்த மூன்று வட்ட முறையில்தான். மூன்றாவது வட்டத்தை 15 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஏழாவது வகை, ஊழியர்கள் வேலைக்கு வந்து போவது. வீட்டிலிருந்தே வேலை செய்தால் அங்கே ஆகிற மின்சாரத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

2020 வரை இந்த ஏழாவது வகையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊரடங்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடங்களில் ஓடிக்கொண்டிருந்த ஏசி நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் வீடுகளில் ஓட ஆரம்பித்தது. நிறுவனத்தின் மின்கட்டணம் இறங்கியதை மட்டும் எழுதிவிட்டுப் புகையைக் குறைத்துவிட்டோம் என்று மார்தட்டினால் அது பாதிப் பொய். செலவு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் கூடியும் இருக்கலாம். ஒரு பெரிய ஏசிக்குப் பதில் நூறு சின்ன ஏசி. இன்னொரு பக்கம் பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி, அதில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம் தர வேண்டும் என்றது. அந்தப் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்குத் தருகிற சின்ன நிறுவனங்களைக் கேட்கத் தொடங்கின. வெளிநாட்டில் வாங்குகிறவர்களும் கேட்கிறார்கள். கேள்வி மேலிருந்து கீழே ஒழுகி ஒழுகி, கடைசியில் கீழ்புத்துப்பட்டு டீக்கடை பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"அப்ப என் ஃபேன் கம்பெனிக் கணக்குல ஏறுமா?"

நேராக ஏறாது என்றேன். அவன் வேலை செய்வது இயந்திரத்தின் முன்னால். வீட்டில் தூங்குவதும் சமைப்பதும் அவனுடைய சொந்தக் கணக்கு. ஆபீஸ் ஆட்களுக்குப் போட்ட திட்டத்தை எல்லோருக்கும் நீட்டியிருக்கலாம். அறிக்கையில் ஒரு பத்தி அழகாக வரும். அதில் எனக்கு வருத்தமில்லை. யாருக்கோ நல்ல பெயர் கிடைப்பதற்காக நம் வீட்டுக்கு நல்லது வந்தாலும் அது நல்லதுதான். இன்னொரு காரணத்தை அவர்கள் எழுதியிருக்கலாம்: கடற்கரைப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தவன் காலை ஷிப்டில் இயந்திரத்தில் கை வைக்கிறான். அவனை நன்றாகத் தூங்கவிடுவது எந்த இலைப் படத்தையும் விட நல்ல வியாபாரம்.

இனி மின்விசிறிக் கணக்கு. பழைய மாடல் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் தின்னும். தாளில் இருந்த பிஎல்டிசி என்கிற புது மோட்டார் கிட்டத்தட்ட 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு மின்விசிறிக்கு நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 32 யூனிட். இரண்டு மின்விசிறிக்கு 64. மார்கழியில் இந்த அளவு ஓடாது, சித்திரையில் இதைவிட ஓடும். வருடத்துக்கு ஏறக்குறைய 390 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. ஆக இந்த ஒரு வீட்டிலிருந்து வருடத்துக்குக் கால் டன்னுக்கு மேல் குறைகிறது. ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். பெட்டி மாதிரிப் பெரிதாக இருக்கிற பழைய ரெகுலேட்டரில், வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகிற மின்சாரத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். தொட்டுப் பார்த்தால் தெரியும்.

மிச்சமாகிற யூனிட் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மிச்சமாகிற காசு அப்படியில்லை. இந்த இடத்தில்தான் இப்படிப்பட்ட திட்டங்கள் எல்லாம் சறுக்குகின்றன. அதனால் இன்னொரு டீ சொன்னேன்.

தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10இல் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம்; பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் கட்டண முறையின் அமைப்பு அதேதான். 500 யூனிட் வரை செலவழித்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. மொத்தம் ரூ.1,725. 500ஐத் தாண்டி 520 ஆகிவிட்டால், அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகையும் போய்விடும், 101இலிருந்தே ரூ.4.50, 500க்கு மேற்பட்ட இருபதுக்கு ரூ.8 வீதம். மொத்தம் ரூ.2,110. இருபது யூனிட்டுக்கு 385 ரூபாய், அதாவது யூனிட் 19 ரூபாய்க்கு மேல்! என் வீட்டில் போன கோடையில் இப்படித்தான் ஆனது. 500ஐ ஒட்டி நிற்கிற வீட்டுக்கு ஒரே ஒரு மின்விசிறியை மாற்றினாலே எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம்.

பையனுடைய வீடு வேறு மாதிரி. வாடகை வீடு. ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம், ஆளுக்கொரு சப்மீட்டர், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஒரே விலையில் வாங்குகிறார். அரசாங்கத்தின் இலவச நூறு யூனிட்டை அவன் கண்ணால் பார்த்ததில்லை. அவனுக்கு 64 யூனிட் மிச்சமென்றால் இரண்டு மாதத்துக்கு ரூ.512, மாதத்துக்கு ரூ.256.

"பிடிக்கறது நானூறு மாமா."

அதைத்தான் சொல்ல வந்தேன். மாதம் 256 மிச்சம், 400 பிடித்தம். முதல் வருடம் அவன் கையிலிருந்து மாதம் 144 ரூபாய் கூடுதலாகப் போகும். போட்ட காசு முழுதாகத் திரும்ப 19 மாதம் ஆகும். பிறகு லாபம்தான், ஆனால் மாதக் கடைசியில் 144 ரூபாய் எவ்வளவு பெரியது என்று தாளை அச்சடித்தவருக்குத் தெரிந்திருக்காது. இதே தொகையை 20 தவணையாக்கி 240 பிடித்தால் அவன் பையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பிடிப்பது மிச்சத்தைத் தாண்டக் கூடாது. இத்தகைய திட்டம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்த ஒன்றைத்தான்.

சம்பளத்தில் பிடித்துக்கொள்வது என்பதை யாரோ வெளிநாட்டில் கண்டுபிடித்ததாக நினைத்துவிட வேண்டாம். முதலாளி நம் வீட்டுக்குள் நுழைகிற வழி எப்போதும் இதுதான். அரசு ஊழியர் வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பண்டிகை முன்பணம் வாங்குவார்கள். வட்டியில்லாமல் பத்து மாதத் தவணை. பத்தாயிரமாக இருந்த அந்த முன்பணத்தை 2025 ஏப்ரலில் இருபதாயிரமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். கோ-ஆப்டெக்ஸில் கடனுக்குப் பட்டுச்சேலை எடுத்துவிட்டு, சம்பளத்தில் மாதாமாதம் கழியவிட்ட ஆசிரியைகள் எத்தனையோ பேர். அலுவலகத்துக்கு அலுவலகம் சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது. அதில் கடன் வாங்காத குமாஸ்தாவை நான் பார்த்ததில்லை. சேலைக்கு நீட்டிய கையை மின்விசிறிக்கு நீட்டினால் ஆயிற்று. தனியாகப் புத்தி சொல்லத் தேவையில்லை. சுவரில் ஒட்டுகிற விளக்கை அணைப்பீர் தாளால் எந்த வீட்டிலும் மின்கட்டணம் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்ல ஏற்கெனவே ஒரு அம்மா இருக்கிறாள்.

முதலாளியிடம் இருக்கிற இரண்டாவது பலம், மொத்தமாக வாங்குவது. இதற்கு உலகத்தில் நல்ல உதாரணம் எங்கே என்று தேட வேண்டாம். இந்த பெஞ்சிலிருந்து தெற்கே பார்த்தால் போதும். எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில், 2014இல் வீடுகளுக்கு எல்இடி பல்பு பத்து ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன நிறுவனமான இஇஎஸ்எல் நாட்டிலேயே முதலில் அங்கேதான் அந்தத் திட்டத்தைத் தொடங்கியது. அன்றைக்கு அந்த நிறுவனமே பல்பை வாங்கிய விலை 310 ரூபாய். 2015 ஜனவரியில் திட்டம் நாடு முழுக்க விரிந்து, கோடிக்கணக்கில் ஒரே கையில் வாங்க ஆரம்பித்ததும், 2016 முடிவதற்குள் வாங்கும் விலை 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. சில மாநிலங்களில் முன்னால் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, மீதியை மின்கட்டண ரசீதிலேயே மாதம் பத்து ரூபாயாகக் கழித்தார்கள். நம் சம்பளப் பிடித்தத்துக்கு அது சின்னம்மா பிள்ளை.

அமெரிக்காவில் 2014இல் உலக இயற்கை நிதியம் இதே வேலையைக் கூரைச் சூரியத் தகட்டுக்குச் செய்தது. சிஸ்கோ, 3எம், கிம்பர்லி-கிளார்க், நேஷனல் ஜியாகிரஃபிக் ஆகியவற்றின் ஊழியர்கள் எல்லோரையும் ஒரே வாடிக்கையாளராக்கி விலையைக் குறைத்தது. இங்கே ஜேஎஸ்டபிள்யூ குழுமம், 2022 ஜனவரி முதல் மின்வண்டி வாங்குகிற ஊழியருக்கு மூன்று லட்சம் வரை உதவி என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார் வாங்க முடிகிறவனுக்கு மூன்று லட்சமும், ஃபேன் வாங்கத் திணறுகிறவனுக்கு இலைப் படமும் என்று ஒரு கம்பெனி இருந்துவிடக் கூடாது. கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசே 2024 முதல் மூன்று கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் தருகிறது. அதற்குக் கூரை நம்முடையதாக இருக்க வேண்டும். இந்தப் பையனுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

இவ்வளவையும் எதிர் பெஞ்சில் ஒரு அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். மரக்காணத்துக்காரர். பேத்திக்குக் காது குத்த வந்திருக்கிறார். உள்ளங்காலில் உப்பு அரித்த வெடிப்பைப் பார்த்தே உப்பளத்தில் வேலை என்று தெரிந்தது.

"எங்க மொதலாளியுந்தாண்ணா முன்பணம் குடுக்கறாரு. வாங்கிட்டா அந்த வருசம் வேற அளத்துக்குப் போக முடியாது. நல்ல கூலின்னு எவனாச்சும் கூப்புட்டாக்கூட."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. டீ மாஸ்டர் மட்டும் டம்ளரை அலசிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது இந்தத் தாளின் மறுபக்கம். தை பிறந்து பாத்தி மிதித்தால் ஐப்பசி மழை இறங்கும்வரை வேலை. விடியுமுன் போய் வாருபலகையைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் உப்பை இழுத்துக் கரையேற்ற வேண்டும். வெள்ளைப் பாத்தியில் ஏறின வெயில் கீழேயிருந்தும் கண்ணைக் குத்தும். மழைக்காலத்தில் அளம் முழுக்கத் தண்ணீர், கூலி இல்லை. அந்த மாதங்களுக்கென்று தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் தரத் தொடங்கியது 2022இல்தான். அதுவரை மழைக்காலத்தைக் கடக்க ஒரே வழி முன்பணம். பண்டிகை முன்பணமும் அளத்து முன்பணமும் ஒரே சொல்தான். முதலாவதை வாங்கியவர் மறுநாள் ராஜினாமா எழுதலாம்; மீதியைக் கட்டிவிட்டால் போதும். இரண்டாவதை வாங்கியவர் காலையும் சேர்த்து அடகு வைத்துவிட்டு வருகிறார். கடனுக்காக ஆளைக் கட்டிப்போடுவது குற்றம் என்று 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே இதற்காகத்தான். அதற்கும் முன்பே, 1936இன் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் 1964இல் சேர்த்த ஒரு விதி, என்ன பிடித்தமானாலும் மொத்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, கூட்டுறவுச் சங்கத் தவணையும் சேர்ந்தால் முக்கால் பங்கு வரை போகலாம் என்று எழுதி வைத்திருந்தது.

அதனால் பையனிடம் இரண்டு விஷயம் கேட்டுவரச் சொன்னேன். வேலையை விட்டால் மீதித் தவணை என்ன ஆகும்? கடைசி மாதச் சம்பளத்தில் மொத்தமாகக் கழிப்பார்களா, மாதாமாதம் கட்ட விடுவார்களா? அப்புறம் அந்த மின் இணைப்பு எண் எதற்கு? ரசீது கொடுத்தால் இன்னொன்றும் தெரிந்துபோகும். யார் வீட்டில் எத்தனை யூனிட், ஏசி இருக்கிறதா, ராத்திரி வேறு ஏதாவது தொழில் நடக்கிறதா என்பதெல்லாம் ஒரு ரசீதில் ஓரளவுக்குப் படித்துவிடலாம். எவ்வளவு மிச்சமானது என்று அறிக்கையில் எழுத அவர்களுக்கு எண் வேண்டும், அது நியாயம். பெயரில்லாமல் மொத்தமாக எடுத்துக்கொள்ளட்டும்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது குஜராத் கதை. சின்ன ரண் பாலைநிலத்தில் அகரியா என்கிற உப்புக்காரக் குடும்பங்கள் வருடத்தில் பாதிக்கு மேல் பாத்திக்கரையிலேயே குடிசை போட்டு இருப்பார்கள். அங்கே பாத்திக்குக் கடல் நீரைப் பாய்ச்சுவதில்லை. மண்ணுக்கடியிலிருக்கிற உப்புத் தண்ணீரை இறைக்க வேண்டும். டீசல் இயந்திரம் ஓயாமல் ஓடும். பருவத் தொடக்கத்தில் டீசலுக்குக் கடன் தருகிறவரும் உப்பை வாங்குகிற வியாபாரியும் ஒருவரே. பருவ முடிவில் உப்பு விலையில் கழித்தால் டீசலே வருமானத்தின் பெரும்பங்கைத் தின்றிருக்கும். அங்கே டீசலைக் குறைக்கச் சொல்லி வியாபாரி வருவாரா? அவர் கடன் கொடுப்பதே டீசல் எரிவதால்தான். வந்தது சேவா. 1972இல் எலா பட் தொடங்கிய பெண் தொழிலாளர் சங்கம். சூரிய மோட்டாரைப் பாத்திக்குக் கொண்டுபோய், வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து, பெண்களுக்கே அதை ஓட்டவும் கழுவவும் கற்றுக்கொடுத்தது. பின்னால் குஜராத் அரசு பெரிய மானியத்தோடு அதைப் பரப்பியது. வெயிலை நம்பி உப்பு விளைவிக்கிறவர்கள் தண்ணீர் இறைக்கவும் வெயிலையே பயன்படுத்தினார்கள். இதில் நான் கவனிப்பது ஒன்றை: நீங்கள் அதிகம் எரித்தால் லாபம் யாருக்கோ, அவரிடம் குறைக்க உதவி கேட்டுப் பயனில்லை. பையனுடைய கம்பெனிக்கு அவன் வீட்டு மின்சாரத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதனால்தான் அதை ஓரளவு நம்பலாம்.

"எங்க வூட்டுல ஃபேனு ஒண்ணு, லைட்டு ரெண்டு, டிவி. பில்லே வர்றதில்லண்ணா."

அப்படித்தான் இருக்கும். நூறு யூனிட்டுக்குள் முடிகிற வீடு. அவர் மின்விசிறியை மாற்றினால் அவருக்கு மிச்சம் பூஜ்யம். மிச்சமெல்லாம் மானியம் கட்டுகிற அரசாங்கத்துக்கு. கரிவளிக் கணக்கில் அவர் குறைக்க வேண்டியது எதுவுமில்லை. சொல்லப்போனால் அவர் இன்னும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். பகல் முழுக்கப் பாத்தியில் வெந்துவிட்டு, சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே ராத்திரியும் வேகிற உடம்புக்கு ஓய்வு வேண்டுமே. அவருக்கு உதவ ஒரு முதலாளி நினைத்தால், அவர் பெயரில் முன்பணம் எழுதாமல், பங்குனிக்கு முன் கூரைக்கு இரண்டு கோட் வெள்ளை அடித்துக் கொடுக்கலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு இந்தக் கரையில் புதிதில்லை. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதை உப்பளத்துக்காரருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தினமும் கண்ணில் வாங்குகிறார்களே.

முதலாளியே இல்லாதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இன்றைக்கு ஒரு மேஸ்திரி, நாளைக்கு ஒருவர். எந்தச் சம்பளப் பட்டியலில் பிடிப்பது? 2021 ஆகஸ்டில் முகாம்களுக்கு அரசு அறிவித்த தொகுப்பில் இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும், வருடத்துக்கு ஐந்து சிலிண்டருக்குத் தலா ரூ.400 மானியமும் இருந்தன. விறகுப் புகையிலிருந்து ஒரு குடும்பத்தை வெளியே கொண்டுவருவது இந்தப் பச்சை இலைத் தாளின் வேலைதான். அங்கே அதை அரசாங்கம் செய்ய வேண்டியிருந்தது.

வேனில் ஹாரன் அடித்தார்கள். அந்த அம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, பையனைப் பார்த்து, "காசு பிடிக்கறதுன்னா கணக்கு நோட்டுல உன் கையிலயும் ஒண்ணு வச்சுக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு மணி நேரமாகச் சொல்லாத புத்தி.

பையன் டீ மாஸ்டரிடம் பேனா வாங்கினான். பெயர், துறை, டோக்கன் எண் எல்லாம் எழுதினான். மின் இணைப்பு எண் கட்டத்தில் வந்து நின்றான்.

"அது வூட்டுக்காரர் பேர்ல இருக்கு மாமா. கேட்டா குடுக்க மாட்டாரு. நானே ஃபேன் மாட்டுறேன்னு தெரிஞ்சா, வூட்டோட வச்சுட்டுப் போன்னு சொன்னாலும் சொல்லுவாரு."

பழைய ஃபேனை எறியாமல் பரண்மேல் வைத்திரு, காலி பண்ணும்போது அதைத் திரும்ப மாட்டிவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொண்டு வா என்றேன். உப்புக்காற்று சர்க்யூட் பலகையை அரிக்கும், அதனால் வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் ஆள் புதுச்சேரியிலிருந்து இங்கே வருவாரா என்பதையும் கேள் என்றேன். தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டான்: தவணை இருபதாக்க முடியுமா, வேலையை விட்டால் என்ன, வாரண்டி, சர்வீஸ். கட்டத்தைக் காலியாகவே விட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மாஸ்டரின் பேனாவும் கூடவே போனது.